கிளி கொத்திய கொய்யாப்பழம்

பறவைகளுக்கு வைத்தியம் பார்க்க எனக்கு ஒருபோதும் விருப்பம் இருந்ததில்லை. மாட்டுக்கு நோய் வந்தால் மாடே சொல்லிவிடும். அசைபோடுவதை நிறுத்தும், பால் குறையும், வீட்டுக்காரர் அலறியடித்துக்கொண்டு ஓடி வருவார். ஆடு இன்னும் மோசம், லேசாக வயிறு உப்பினாலே ஊரைக் கூட்டிவிடும். பறவை மட்டும் நோயை மறைக்கும். சோர்ந்து நிற்கிற பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால், முடிந்த வரைக்கும் சுகமாக இருப்பதுபோல நடிக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி இருக்கிறது என்று ஒருவர் வந்து சொல்லும்போது, அது பல நாளாக நோயோடு இருந்து, இனி நடிக்கத் தெம்பில்லாமல் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். நாங்கள் வைத்தியத்தைத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த வருடங்களில் நான் நானாட்டானில் அரச மிருக வைத்தியராக இருந்தேன். எங்கள் அலுவலகத்துக்குக் கந்தோர் என்று பெயர். இரண்டு அறை, ஒன்றுக்கு ஓடு, மற்றதற்குத் தறப்பாள். வேலை முழுக்க மாடுதான். பெரியமடுப் பக்கம் ஆட்கள் ஓடிப்போனபோது விட்டுவிட்டுப் போன மாடுகள் காட்டுக்குள் பெருகியிருந்தன. திரும்பி வந்தவர்கள் ஒரே மாட்டை இரண்டு பேராகப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பல்லைப் பார்த்து யாருடையது என்று சொல்லச் சொல்லுவார்கள். பல் வயதைத்தான் சொல்லும், சொந்தக்காரரைச் சொல்லாது என்று நான் கத்துவேன். பெண்பிள்ளையை அனுப்பினால் இப்படித்தான் என்று வெளியே போய்ச் சொல்லுவார்கள், எனக்குக் கேட்கும்படியாக.

அப்படியான ஒரு காலையில்தான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு கையில் வலைத்துண்டால் மூடிக் கட்டிய பிளாஸ்டிக் கூடை, இடுப்பில் நாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை. மன்னார்த் தீவிலிருந்து, தாராபுரம் தாண்டிய கரைப்பக்கத்திலிருந்து, பஸ் மாறி வந்திருந்தாள். நடக்கிற வயதுப் பிள்ளையை ஏன் இப்படித் தூக்கிச் சுமக்கிறாள் என்று நினைத்தேன். கூடைக்குள் ஒரு பச்சைக்கிளி. காட்டுக்கிளியைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம், அதைச் சொல்ல வேண்டியது என்னுடைய கடமையும்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தபோது சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நோய்ப்பட்ட பறவையை உடனே கையில் எடுக்கக் கூடாது. எடுத்தால் பயத்தில் மறுபடியும் நடிக்கத் தொடங்கும். கூடையை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கிளி குறுக்கே செருகியிருந்த தடியில் ஏறி இருக்கவில்லை, அடியில் குந்தியிருந்தது. மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடியது. கால் விரல்கள் எதையும் பற்றாமல் மடங்கிக் கிடந்தன. பிறகு எச்சத்தைப் பார்த்தேன். கிளியின் எச்சத்தில் பச்சை ஒரு பக்கம், சுண்ணாம்புபோல வெள்ளை ஒரு பக்கம், கொஞ்சம் தெளிந்த நீர் என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதில் பச்சை கறுத்திருந்தது. வெள்ளை இருக்க வேண்டிய இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு விரலை வெட்டியது. தொண்டைக்குக் கீழே இரை தங்குகிற பையில் முதல்நாள் தின்ற சோறு மாவாகக் கிடந்தது, கீழே இறங்கவேயில்லை.

வீட்டில் வேறு பறவை இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு கோழி நின்றதாம். இரண்டும் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்து செத்துவிட்டனவாம். கழுத்தைத் திருகினால் எந்த மிருக வைத்தியருக்கும் முதலில் ஞாபகம் வருவது கோழிகளை வாரிக்கொண்டு போகிற அந்தத் தொற்றுநோய்தான். ஆனால் அந்த நோய் வந்தால் ஒரு வீட்டோடு நிற்காது. அக்கம்பக்கத்துக் கோழிகள் எப்படி என்று கேட்டேன். எல்லாம் நன்றாக மேய்ந்து திரிகின்றன என்றாள். கணக்கு ஒத்துவரவில்லை, எனக்கு எரிச்சல் வந்தது. குளுக்கோசும் விற்றமினும் கொடுத்து, சூடாக வைத்திருக்கச் சொல்லி, அடுத்த கிழமை ஆட்டுக்கு ஊசி போட உங்கள் பக்கம் வருவேன், கூண்டு தொங்குகிற இடத்தை வந்து பார்க்கிறேன் என்றேன்.

அவள் போகவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டொக்டர், இது சாகக் கூடாது" என்றாள்.

எல்லோரும் அதைத்தான் சொல்லுகிறார்கள் என்று கொஞ்சம் வெடுக்கென்றுதான் பதில் சொன்னேன். மாட்டுக்காரனுக்கு மாடு சாகக் கூடாது, ஆட்டுக்காரனுக்கு ஆடு சாகக் கூடாது. அப்போதுதான் அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

பிள்ளை பிறந்தது தமிழ்நாட்டு முகாமில். அங்கே நன்றாகப் பேசத் தொடங்கியிருக்கிறாள். அம்மா, தண்ணி, காக்கா, வா, போ எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஊருக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளில் சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் அம்மா என்பதும் நின்றுபோனது. இடம் மாறின பயம் என்றார்கள் சிலர். கடல் இரைச்சலுக்குப் பயந்துவிட்டாள் என்றார்கள் வேறு சிலர். மாதாவுக்கு நேர்த்தி வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள், செபமாலை சொன்னார்கள். பிறகு யாரோ கிளி வளர்க்கச் சொன்னார்கள். பேச்சு வராத பிள்ளைக்குக் கிளி கொத்திய பழத்தைக் கொடுத்தால் நாக்குத் திரும்பும் என்பது எங்களுடைய பக்கத்தில் கேள்விப்படாத ஒன்றல்ல. பெரியமடுப் பக்கத்து ஆள் ஒருவரிடம் குஞ்சாக வாங்கி, தினமும் ஒரு கொய்யாப்பழத்தைக் கூண்டுக்குள் வைத்து, அது கொத்திய மிச்சத்தைப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கிளி பழம் தின்னாமல் விட்டு ஒரு கிழமை, ஏழு நாள். அந்த ஒரு கிழமையாகப் பிள்ளைக்கு மருந்தில்லை என்பதுதான் அவளுடைய பதற்றம்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றாள். கந்தோருக்கு வருகிற பிள்ளைகள் ஊசிப் பெட்டியைக் கிண்டும், கன்றுக்குட்டியைத் தொடப் போகும். இவள் எதையும் பார்க்கவில்லை. முகம் சுண்ணாம்பு பூசினதுபோல வெளிறியிருந்தது. எனக்கு மனம் சங்கடப்பட்டது, ஆனால் நான் மாட்டு டொக்டர். பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த கிழமை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மீள்குடியேறியவர்களுக்குக் கொடுத்த தகரத்தால் அடித்த கொட்டில். பின்னால் சமைப்பதற்கு ஓலையால் இறக்கிய குசினி. அங்கே புருஷன்காரன் மூன்று கல்லில் அடுப்பு மூட்டி, அடி கறுத்த தாச்சியொன்றில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான்.

வலை தாழ வேண்டுமென்றால் அடிக்கயிற்றில் ஈயம் கட்ட வேண்டும். முகாமிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் எல்லோருக்கும் புது வலை தேவைப்பட்டது. கடையில் வாங்குகிற ஈயம் கட்டுபடியாகாது. பழைய வாகன பற்றரிகளை உடைத்தால் ஈயம் கிடைக்கும். அதைவிட இலேசான வழி சன்னம் பொறுக்குவது. அந்த வருடங்களில் எங்கே மண்ணைக் கிண்டினாலும் துப்பாக்கிச் சன்னம் வந்தது. தாச்சியில் போட்டு உருக்கினால் செம்புத் தோல் மேலே மிதக்கும், ஈயம் கீழே தங்கும். தோலை அகப்பையால் அள்ளிவிட்டு, மரத்தில் துளைத்த அச்சில் வார்த்து, ஆறினதும் தட்டி எடுப்பான். இதில் அவன் கெட்டிக்காரன். அந்த வரிசையிலிருந்த எல்லா வீட்டு வலைக்கும் அவன்தான் வார்த்துக் கொடுத்தான். ஆட்கள் அவனைப் புகழ்ந்தார்கள், அவனுக்கும் அதில் பெருமை.

கிளிக்கூண்டு அந்தக் குசினியின் கூரை வளையில்தான் தொங்கியது. பூனை எட்டாத, வெயில் படாத இடம் அது ஒன்றுதான். கூண்டுக் கதவை ஓர் ஈயத்தகட்டை வளைத்துக் கொளுவியிருந்தார்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கிளி கவிழ்த்துவிடாமல் உள்ளே இரண்டு ஈயக்குண்டு போட்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் அலகு கடித்த தடம் பளபளத்தது. கொளுக்கியில் பாதி இல்லை.

அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். இதை மறைக்க என்ன இருக்கிறது. சிவந்த எச்சம், இறங்காத சோறு, பற்றாத கால், கழுத்தைத் திருகிச் செத்த கோழிகள் எல்லாம் ஒரு நொடியில் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன. தொற்றுநோய் இல்லை, பூச்சி இல்லை, ஈயம். பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி, அதற்கு முன் ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு குனிந்தேன். கூண்டுக்கு நேர் கீழே ஒரு பாய் விரித்திருந்தது. அதில் பிள்ளை இருந்தாள். மடி நிறைய ஈயக்குண்டு. ஒன்று வாய்க்குள் இருந்தது.

நான் அவளுடைய வாய்க்குள் விரலைவிட்டு அதை எடுத்து எறிந்தேன். பிள்ளை அழவில்லை. மடியிலிருந்து இன்னொன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். வந்த நாளிலிருந்து அதுதான் அவளுக்கு விளையாட்டுச் சாமான் என்றாள் தாய். கிளி வந்த பிறகு நாள் முழுக்க இங்கேதான் இருத்திவிடுவதாம். கிளியின் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தால் பேச்சு இன்னும் கெதியாக வரும் என்று சொன்னார்களாம். அடுப்பிலிருந்து வந்த புகை கூண்டைச் சுற்றிப் பாய்க்கு மேலே போய்க்கொண்டிருந்தது. 

ஈயம் நஞ்சு, கிளியை இங்கிருந்து எடுங்கள், பிள்ளையை அதற்கு முன் எடுங்கள், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னேன். புருஷன்காரன் அகப்பையை வைக்காமலே சிரித்தான். தகப்பனும் பாட்டனும் ஈயம் பிடித்தவர்கள், வலை கட்டும்போது அவனே பல்லால் கடித்துத்தான் நெரிக்கிறான், இவ்வளவு காலத்தில் யாருக்கு என்ன வந்தது என்று கேட்டான். "மாட்டுக்கு ஊசி போட வந்தனீங்கள், பிள்ளைக்கும் சேர்த்துப் பாக்கிறியளோ?" என்றான். நக்கலாகச் சொன்னாலும் அவன் கேட்டது நியாயம்தான்.  கிளியின் வயிற்றை எக்ஸ்றே எடுத்துக் காட்டினால் நம்புவீர்களா என்று கேட்டேன். கிளி பிழைக்குமென்றால் எடுப்போம் என்றாள் அவள். அவளுக்கு இன்னும் கிளிதான் மருந்து, பிள்ளைதான் நோயாளி.

மன்னார் நகரில் ஒரு தனியார் எக்ஸ்றே நிலையம் இருந்தது. அங்கிருந்தவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டார். பறவை அசையாமல் இருக்க வேண்டும், அதனால் இரண்டு சிறகையும் விரித்து, காலை நீட்டி, பிளாஸ்டரால் தட்டோடு ஒட்டினோம். அதைக் கண்டதும் அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்தோம். கிளியின் எலும்பெல்லாம் நூல்நூலாகச் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. நடுவில், அரைக்கிற இரைப்பைக்குள், உப்புக்கல் போலப் பளிச்சென்று வெள்ளை மணிகள். இவைதான் என்று நான் விரலை வைத்துக் காட்டினேன். அவள் கிட்ட வந்து நெடுநேரம் பார்த்தாள்.

"வயித்துக்க போனா வெளியில வராதோ?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் வரும். மிச்சம் கரைஞ்சு ரத்தத்தில சேரும், தங்கச்சி. பிறகு மூளைக்குப் போகும்."

"மூளைக்குப் போனா?"

கால் இழுக்கும், கழுத்துத் திரும்பும் என்று கிளிக்கு வருவதைச் சொன்னேன். அவள் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை. கிளியை எடுத்த அந்த மேசையில் பிள்ளையைத் தூக்கிக் கிடத்தினாள்.

"இவளுக்கும் ஒரு படம் எடுங்கோ" என்றாள்.

டொக்டர் எழுதித் தந்த துண்டில்லாமல் பிள்ளைக்கு எடுக்க ஏலாது என்று அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார். இப்போது அவர் சிரிக்கவில்லை. நான் அவளையும் பிள்ளையையும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளியின் எக்ஸ்றேயைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் மிருக வைத்தியர், இது கிளியின் படம், ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது இந்தப் பிள்ளையை என்று ஒரு டொக்டரிடம் சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார். வந்த படத்தில், பிள்ளையின் வயிற்றில், அதே வெள்ளை மணிகள் இருந்தன. பெரிய வயிறு என்பதால் கொஞ்சம் சிதறிக் கிடந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே போட்டிருந்த நீள மர வாங்கில் இருந்தபடி அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டாள். ஈயத்தைக் கடித்த அலகால் கொத்திய பழத்தைத்தானே இவளுக்குத் தின்னக் கொடுத்தேன், அதாலும் போயிருக்குமா என்றாள். பழத்தால் போயிருந்தாலும் அது ஒரு துளி, மற்றதுதான் பெரிது என்று உண்மையைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது. யாரைக் கோபிக்கிறது என்றுதான் தெரியவில்லை. வலை கட்டுகிறவனையா, பழம் ஊட்டினவளையா, சன்னத்தைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போனவர்களையா. சுட்டவர்கள் எல்லோரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவு வந்ததும் பிள்ளையையே கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். தாயும் கூடவே போய் ஆஸ்பத்திரியில் தங்கினாள். போகும்போது கூடையை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். "இதை எப்பிடியாவது காப்பாத்தித் தாங்கோ" என்றாள்.

ஈயத்தைப் பிடித்து வெளியே கொண்டுவருகிற ஊசி மருந்து ஒன்றிருக்கிறது. வன்னியிலும் இல்லை, மன்னாரிலும் இல்லை. என்னோடு படித்த ஒருத்தி கொழும்பில் பணக்காரருடைய நாய்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கெஞ்சி, பஸ்காரர் ஒருவரின் கையில் பனிக்கட்டிப் பெட்டியில் எடுப்பித்தேன். காலையும் மாலையும் நெஞ்சுச் சதையில் ஊசி. குழாயால் கஞ்சி. நான் தங்கியிருந்த குவாட்டஸில் அலுமாரிக்கு மேலே மின்குமிழ் வெளிச்சத்தில் வைத்திருந்தேன். நான் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகிற ஆள் இல்லை. இருந்தும் அந்த நாட்களில் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இந்தக் கிளி செத்தால் சாகட்டும், அந்தப் பிள்ளை தேறட்டும் என்று. ஊசி போடும்போதும் அதையே நினைத்தேன்.

கிளி தேறியது. ஒரு காலை அது என் விரலை இறுக்கிப் பிடித்தது. வேறொரு நேரமென்றால் கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். அன்றைக்கு அதைக் கூடைக்குள் போட்டுவிட்டு மாட்டுக்குச் சினை பார்க்கப் போய்விட்டேன். எனக்கு அந்தக் கிளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இடையில் ஒரு நாள் புருஷன்காரன் கந்தோருக்கு வந்தான். தாச்சியையும் அச்சையும் கொண்டுபோய்த் தூரத்தில் மண்ணுக்குள் தாட்டுவிட்டதாகச் சொன்னான். மற்ற ஆட்களுக்குக் கோபமாம், பாதி வலை கட்டினபடி கிடக்கிறதாம். அவன் இப்போது வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறான். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஈயத்தை வாயில் வைத்த தனக்கு ஒன்றும் ஆகாமல், ஒரு வருடம் விளையாடின பிள்ளைக்கு ஏன் இப்படி என்று கேட்டான். வளர்ந்த உடம்பு அதை எலும்புக்குள் ஒதுக்கி வைத்துவிடும், வளர்கிற மூளைக்கு அது முடியாது என்று விளக்கினேன். அவன் தலையாட்டிக் கேட்டான். "எனக்கு வந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கொழும்பிலிருந்து வந்த பிள்ளையைப் பார்த்தபோது ஒரு நிமிடம் எனக்கு நம்பிக்கை வந்தது. முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. வயிற்றுவலி இல்லையாம், சோறு தின்கிறாளாம், தானாக நடக்கிறாளாம். இரத்தத்திலிருந்த ஈயம் நன்றாகக் குறைந்துவிட்டது. பேச்சைப் பற்றி டொக்டர்மார் சொன்னதைத் தாய் எனக்கு ஒப்புவித்தாள். இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனதால் மூளையில் கெட்டுப்போனதைத் திருப்பித் தர மருந்து இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஆனால் அதில் ஒன்றையும் அவள் நம்பவில்லை. நஞ்சு போனதும் பேச்சு வரத்தானே வேண்டும், அவளுக்கு அது அவ்வளவு நேரான கணக்காக இருந்தது. கிளியைத் திருப்பிக் கேட்டாள்.

பழத்தால் பேச்சு வராது என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் பிறகு என்னையே நான் மன்னித்திருக்க மாட்டேன்.

"கெடுதல் வருமோ?" என்று கேட்டாள்.

"வராது. இப்ப கிளியில நஞ்சு இல்லை."

"அப்ப தாங்கோ."

கொடுத்தேன். வேறென்ன செய்ய. அதன் பிறகு ஊசி போட அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். கூண்டு இப்போது முன்பக்கத்தில் தொங்கியது. கொய்யாப்பழமும் இருந்தது. மீன் வெட்டினாலும் உடுப்புத் தோய்த்தாலும் தாயின் வாய் ஓயாது. பிள்ளையை எதிரில் இருத்திக்கொண்டு, அம்மா சொல்லு, அம்மா, அம்மா என்று சொல்லிக்கொடுத்தபடியே இருப்பாள். பிள்ளை அவளுடைய வாயைப் பார்க்கும், சில வேளை சிரிக்கும். நானும் பார்த்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு மெதுவாகச் சொல்லுகிறாள், எவ்வளவு ஆசையாகச் சொல்லுகிறாள் என்றிருக்கும். கொஞ்சநேரம் நின்றுவிட்டு ஆடு பார்க்கப் போய்விடுவேன்.

மழை முடிந்த ஒரு நாள் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. கிளியை வந்து கொண்டுபோகும்படி சொன்னாள். மறுபடியும் எங்கேயோ ஈயத்தைக் கடித்துவிட்டது என்று பதறி, மருந்துப் பையோடு மோட்டார் சைக்கிளில் போனேன். வாசல் படலையில் அவள் நின்றாள். அதே கூடை, அதே வலைத்துண்டு. உள்ளே கிளி பச்சைப்பசேலென்று, வால் நீண்டு, கண் பளிச்சென்று இருந்தது. எச்சத்தைப் பார்த்தேன். மூன்று நிறமும் தனித்தனியாக இருந்தன. நான் வைத்தியம் பார்த்த பறவைகளில் இவ்வளவு சுகமான ஒன்றை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"இதுக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்றேன்.

"இல்லை. நல்ல சுகம். அதுதான் கொண்டு போகச் சொல்லுறன்."

பிறகு சொன்னாள். ஒரு காலை பின்பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா என்று குரல் கேட்டிருக்கிறது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மீன் கையோடு பிள்ளையைத் தூக்கி, கொஞ்சி, அழுது, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறாள். எல்லோரும் ஓடி வந்திருக்கிறார்கள். ஒரு மனிசி முழங்காலில் நின்று செபம் சொல்லத் தொடங்கிவிட்டாளாம். அப்போது மேலே கூண்டிலிருந்து இன்னொரு தரம் அம்மா என்று கேட்டதாம். அவளுடைய குரலில், அவள் சொல்லிக்கொடுக்கிற அதே இழுவையோடு. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்களாம்.

"இப்ப நாள் முழுக்கக் கூப்பிடுது, டொக்டர். கிளி எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் ஓடிப்போறன்."

 கூடையை வாங்கினேன். திறந்திருந்த கதவுக்குள் பிள்ளை தெரிந்தாள். தரையில் சிரட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்ததையோ கூடை கைமாறினதையோ அவள் கவனிக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் கூடையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஏறி இருந்து பூட்டில் திறப்பைப் போட்டுத் திருகினேன். எனக்குப் பின்னால், கூடைக்குள்ளிருந்து, அம்மா என்று குரல் வந்தது.

படலையில் நின்றவள் கூடையைப் பார்க்கவில்லை. திரும்பி வீட்டுக்குள் ஓடினாள்.